42 மில்லிமீட்டர் கழுத்தும் ஒரு காகிதப் பட்டையும்

சட்டைப் பையில் ஒரு காகிதப் பட்டை வைத்திருந்தேன். விரல் நீளம்கூட இருக்காது. அதில் பென்சிலால் ஆறு கோடுகள். சென்னையிலிருந்து கிளம்புவதற்கு முந்தைய இரவு, என் எலெக்ட்ரிக் கிட்டாரின் நட்டை ஒட்டி அந்தக் காகிதத்தை வைத்து, ஆறு கம்பிகளும் போகிற இடத்தைக் குறித்துக்கொண்டேன். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு டோக்கியோ வரை போக முடியாது. அதன் அளவையாவது கொண்டுபோகலாம் என்று தோன்றியது.

அக்கா மகனுக்கு டோக்கியோவில் வேலை. இந்தியர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் நிஷி கசாயில் வீடு. "மாமா, கிட்டார் பாக்கணும்னா ஓச்சனோமிசுதான். ஒரே தெருவுல எல்லாக் கடையும் இருக்கும்" என்று நான் போய் இறங்கிய அன்றே சொல்லிவிட்டான். சனிக்கிழமை தோசாய் லைனில் ஏறி ஓத்தெமாச்சியில் மாறினோம். சுரங்கத்திலேயே ஓடிய மருநோவுச்சி லைன் ரயில், ஓச்சனோமிசுக்குச் சற்று முன்னால் சட்டென்று வெளிச்சத்துக்கு வந்து, கந்தா ஆற்றைத் தாண்டி, மறுபடி மண்ணுக்குள் புகுந்தது. ஷோகுனின் தேநீருக்கு இங்கிருந்த ஊற்றில்தான் நீர் எடுத்தார்களாம். ஊர்ப் பெயரே தேநீருக்கான தண்ணீர் என்ற பொருளில் வந்ததுதான்.

பாலத்தைக் கடந்து தெற்கே இறங்கினால் மெய்தாய் தெரு. மெய்ஜி பல்கலைக்கழகத்தைத் தொட்டுக்கொண்டு சரிவாக இறங்கும் அந்தத் தெருவின் இரு பக்கமும் கிட்டார் கடைகள். வாசலிலேயே வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே போனால் மாடிக்கு மாடி சுவர் முழுக்கத் தொங்குகின்றன. சரிவு முடிகிற இடத்தில் ஜிம்போச்சோ, பழைய புத்தகக் கடைகளின் பேட்டை. புத்தகத்துக்கு இன்னொரு நாள் என்று மனதைக் கட்டிப்போட்டேன்.

நான் அங்கே போனது வாங்குவதற்கு இல்லை. ஒரு பழைய கேள்விக்கு விடை தேடிப் போனேன்.

பதினேழு வயதில் பாளையங்கோட்டையில் சர்ச் கொயருக்காகக் கிட்டார் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். ஏ மேஜர் கார்டு பிடித்தால் இரண்டாம் கம்பி செத்துப்போகும். மோதிர விரலை நகர்த்தினால் முதல் கம்பி அடைபடும். "உனக்கு விரல் தடிசு. கிட்டார் கை இல்ல இது" என்று சொல்லிக்கொடுத்தவர் சொன்னார். அவர் மனம் நோகச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொன்னார். நான் அதை முப்பது வருடத்துக்கு மேல் நம்பினேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பழையதாக ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினேன். ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர், சுருக்கமாக ஸ்ட்ராட், அந்த வடிவம்; நட் அகலம் 42 மில்லிமீட்டர். அதிலும் அதே ஏ மேஜர், அதே செத்த கம்பி. அப்படியானால் குறை விரலில்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

நட் என்றால் போல்ட்டோடு வரும் நட்டு இல்லை. கிட்டார் கழுத்தின் உச்சியில், ட்யூனிங் கீகளிலிருந்து வரும் கம்பிகள் ஃபிரெட் போர்டில் இறங்குகிற இடத்தில் குறுக்கே பதித்திருக்கும் சிறு துண்டு அது. எலும்பு, பிளாஸ்டிக், பித்தளை எதிலும் இருக்கும். அதில் வெட்டியுள்ள ஆறு காடிகள்தான் ஒவ்வொரு கம்பியும் எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. இந்தத் துண்டின் அகலத்தைத்தான் விற்பவர்கள் ஒற்றை எண்ணாகச் சொல்கிறார்கள்: 41, 42, 43.

முதல் கடையில் அக்கா மகன் "ஷிஸோ" என்று ஒரு சொல் சொன்னான். வாசித்துப் பார்ப்பதற்கு அங்கே அதுதான் சொல். நாமாகச் சுவரிலிருந்து எடுக்கக் கூடாது. கடைக்காரரே இறக்கி, சுருதி சேர்த்து, ஆம்ப்பில் செருகி, ஒலியைத் தாழ்த்தி வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். ஜப்பானில் செய்த ஸ்ட்ராட், நட் 42 மில்லிமீட்டர். 1982-ல் ஃபெண்டர் ஜப்பான் தொடங்கி, மட்சுமோட்டோ நகரத்து ஃபுஜிகென் தொழிற்சாலை ஃபெண்டருக்காகக் கிட்டார் செய்த காலத்திலிருந்தே இங்கு வழக்கமான அளவு இது. என் வீட்டுக் கிட்டாரும் இதே அளவு என்பதால்தான் முதலில் இதைக் கேட்டேன். எங்கே தடுமாறுவேன் என்று தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கினால் மற்றவற்றை ஒப்பிடலாம்.

ஏ மேஜர் பிடித்தேன். ஐந்து கம்பியும் ஒலித்தன.

மறுபடி பிடித்தேன். இரண்டாம் கம்பி மணி மாதிரி நின்றது. டி மேஜர், அதற்குப் பிறகு சி. எந்தக் கம்பியும் அடைபடவில்லை. அக்கா மகன் "என்ன மாமா?" என்றான். பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. அதே விரல், அதே 42 மில்லிமீட்டர்.

அடுத்த கடை பழங்காலக் கிட்டார்களுக்கானது. மூன்றாம் மாடி, லிஃப்டில் இரண்டு பேர்தான் நிற்கலாம். அங்கே 1960-களின் ஃபெண்டர் மஸ்டாங் ஒன்று இருந்தது. 1964-ல் வந்த மாதிரி அது, மாணவர்களை நினைத்துச் செய்தது. ஸ்கேல், அதாவது நட்டிலிருந்து கீழே பிரிட்ஜ் வரை கம்பி ஒலிக்கும் நீளம், 24 அங்குலம்; 610 மில்லிமீட்டர். என் கிட்டாருக்கு 648. ஸ்கேல் சுருங்கினால் ஃபிரெட்டுகளும் நெருங்கும். 648-ல் நட்டுக்கும் முதல் ஃபிரெட்டுக்கும் 36 மில்லிமீட்டர் என்றால், மஸ்டாங்கில் 34தான்.

நான் அதைக் கேட்டது ஸ்கேலுக்காக இல்லை, கழுத்துக்காக. 1962 வாக்கிலிருந்து ஃபெண்டர் தன் கழுத்துகளின் அடியில், உடலோடு சேர்கிற முனையில், மாதமும் வருடமும் முத்திரை குத்தி அதன் கடைசியில் ஓர் எழுத்தும் வைத்தது. அந்த எழுத்து நட் அகலத்தைச் சொல்லும். ஏ என்றால் ஒன்றரை அங்குலம், 38.1 மில்லிமீட்டர். பி என்றால் 41.3, அதுதான் வழக்கமானது. சி 44.5. டி 47.6. அறுபது வருடங்களுக்கு முன்பே நான்கு வகைக் கைக்கு நான்கு வகைக் கழுத்து வைத்திருந்தார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அப்படித் தேர்ந்தெடுக்கலாம் என்பதே தெரிந்திருந்தது? எனக்குத் தெரியவில்லை. மஸ்டாங்குகளில் ஏ கழுத்து நிறையப் பார்க்கலாம். என் கைக்கு வந்ததும் ஏ.

கையில் வாங்கிய உடனே உள்ளங்கைக்கு அது தெரிந்துவிட்டது. கழுத்து கைக்குள் ஒடுங்கிப் போகிறது. கட்டை விரலைச் சுற்றி வளைத்தால் ஆறாம் கம்பியை மேலிருந்தே அமுக்கலாம். ஹெண்ட்ரிக்ஸ் அடிநாதத்தைக் கட்டை விரலால் பிடித்துக்கொண்டு மற்ற நான்கு விரல்களையும் மெட்டுக்கு விட்டுவிடுவாரே, அந்தப் பிடி எனக்கு முதல் முறையாக வந்தது. சந்தோஷமாக ஏ மேஜர் பிடித்தேன். இரண்டாம் கம்பி செத்துப்போனது.

வீட்டில் கேட்கும் அதே சாவு. விரலை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் வீட்டில் நடப்பதே இங்கும் நடந்தது. அப்போதுதான் சட்டைப் பையிலிருந்த பட்டை ஞாபகம் வந்தது. கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, நட்டின் பக்கத்தில் வைத்தேன். வெளிக் கோடுகள் இரண்டும் மஸ்டாங்கின் ஆறாம் கம்பிக்கும் முதல் கம்பிக்கும் நேராக நின்றன. அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூட இல்லை.

அக்கா மகன் குனிந்து பார்த்தான். "மாமா, உங்க கிட்டார் 42ன்னு சொன்னீங்க. இது 38தானே?"

அந்தக் கேள்வியோடு மூன்றாவதாக ஒரு கடைக்குப் போனோம். மாடியில் பழுது பார்க்கும் இடம், ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் அறுபது வயது மதிக்கத்தக்கவர். இடுப்பில் ஏப்ரன், கண்ணில் பூதக்கண்ணாடி. நான் பட்டையை நீட்டினேன், அக்கா மகன் கதையைச் சொன்னான். அவர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் காலிப்பரை எடுத்து ஒவ்வொரு இடைவெளியையும் அளந்து சீட்டில் எழுதினார். ஆறாம் கம்பிக்கும் ஐந்தாம் கம்பிக்கும் 6.8. அடுத்தது 6.6. நான்காவதுக்கும் மூன்றாவதுக்கும் 6.1. மூன்றாவதுக்கும் இரண்டாவதுக்கும் 6.3. கடைசி 6.7. கூட்டினால் 32.5.

"நட் 42. கம்பிகள் மொத்தமே 32.5-க்குள். மீதி எங்கே?" என்று அக்கா மகன் வாயிலாகக் கேட்டார். அவரே இரு பக்கமும் விரலால் காட்டினார். பக்கத்துக்கு ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் தரிசாகக் கிடக்கிறது. என் கழுத்து அகலமானதுதான். கம்பிகள் மட்டும் ஒன்றரை அங்குலக் கழுத்தின் நெரிசலில் நடுவே ஒண்டிக்கொண்டிருந்தன. எனக்கு முன்னால் அதை வைத்திருந்த யாரோ நட்டை மாற்றியிருக்க வேண்டும். காடிகள் முன்கூட்டியே வெட்டிய, வேறு கழுத்துக்கான ஒரு துண்டு அதில் உட்கார்ந்திருக்கிறது. அதிலும் நெருக்கம் மோசமான இடம் எது என்று பாருங்கள்: நான்கு, மூன்று, இரண்டாம் கம்பிகள். ஏ மேஜரில் மூன்று விரல் வரிசையாக நிற்பது இந்த மூன்றின் மேல்தான்.

அவர் காலிப்பரை என் நடுவிரல் நுனியில் வைத்தார். 16 மில்லிமீட்டர். தன் விரலையும் அளந்து காட்டினார், 15. "தடியான விரல் இல்லை, வேலை செய்கிற எல்லோருக்கும் இருக்கிற விரல்தான்" என்றார். அக்கா மகன் மொழிபெயர்த்து முடிக்கும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் சொன்ன விளக்கத்தை அன்று இரவே எழுதி வைத்தேன். கழுத்து அகலம் என்று ஒரே எண்ணால் நாம் குறிப்பிடுவதற்குள் மூன்று சங்கதி இருக்கிறது, மூன்றையும் கையின் வெவ்வேறு இடம் உணர்கிறது. மர அகலத்தை உணர்வது உள்ளங்கையும் கட்டை விரலும். கம்பிக்குக் கம்பி உள்ள இடைவெளியை உணர்வது விரல் நுனி. முதல் கம்பிக்கும் ஓரத்துக்கும் இடையே உள்ள கரையை உணர்வது, புல்-ஆஃப் செய்யும்போது கம்பியைக் கீழ்நோக்கி இழுக்கும் விரல். நட்டை 42-லிருந்து 43 ஆக்கி, கூடிய மில்லிமீட்டரைக் கம்பிகளுக்கே பகிர்ந்தாலும் ஐந்து இடைவெளிக்குத் தலா 0.2தான் சேரும். அதனால் கடையில் நின்று 42-க்கும் 43-க்கும் மனம் அலைபாய்வது பெரும்பாலும் வீண் வேலை. 42-க்குள்ளேயே காடியை எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்பதில் மூன்று மில்லிமீட்டர் ஒளிந்திருக்க முடியும். என் கிட்டாரில் ஒளிந்திருந்தது.

கடைக்குப் போனால் நட் அகலத்தைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு ஸ்கேலை வைத்து ஆறாம் கம்பியின் நடுவிலிருந்து முதல் கம்பியின் நடு வரை எவ்வளவு என்று பாருங்கள். 42 அல்லது 43 நட்டில் 35, 36 மில்லிமீட்டர் இருந்தால் சரியாக வெட்டியிருக்கிறார்கள். அதை ஐந்தால் வகுத்தால் ஓர் இடைவெளி 7 மில்லிமீட்டரோ சற்றுக் கூடவோ வரும். கிளாசிக்கல் கிட்டாரில் நட்டே 52 மில்லிமீட்டர், இடைவெளி எட்டரை அளவுக்கு வரும். மீட்டுகிற விரல்களுக்கும் பல குரலாகப் பிரிந்து நடக்கிற இடது கைக்கும் அந்த இடம் வேண்டும். எலெக்ட்ரிக்கில் கம்பியை வளைத்து ஏற்ற வேண்டும், பக்கத்துக் கம்பிகளை அதே விரலின் ஓரத்தால் அடக்கவும் வேண்டும். அவ்வளவு அகலம் அங்கே இடைஞ்சல்தான்.

மேசை டிராயரிலிருந்து அவர் ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்தார். அதிலுள்ள கோடுகள் சம தூரத்தில் இல்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகப் போக இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. இதுதான் நட் வெட்டுகிறவர்களின் ஸ்கேல். இதன் பின்னால் இருக்கிற யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

கம்பிகள் ஒரே தடிமன் இல்லை. பத்தாம் நம்பர் செட் என்று நாம் வாங்குவதில் முதல் கம்பி 0.25 மில்லிமீட்டர், ஆறாவது 1.17. கம்பியின் நடுவிலிருந்து நடு வரை எல்லா இடத்திலும் 7.1 என்று சமமாக வெட்டினால், மெல்லிய இரண்டு கம்பிகளுக்கு நடுவே விரலுக்குக் கிடைக்கும் வெற்றிடம் 6.8. தடித்த இரண்டு கம்பிகளுக்கு நடுவே 6.1தான். காகிதத்தில் சமம், விரலுக்குச் சமம் இல்லை. அதனால் நடுவை விட்டுவிட்டு வெற்றிடத்தைச் சமமாக்குகிறார்கள். மொத்த விரிவு 35.5 என்றால் ஒவ்வொரு வெற்றிடமும் 6.5 ஆக வரும்படி வெட்ட வேண்டும். அப்போது நடுவிலிருந்து நடு, மெல்லிய பக்கம் 6.8-ல் தொடங்கி 6.9, 7.0, 7.3 என்று வளர்ந்து தடித்த பக்கம் 7.5-ல் முடியும். பந்தியில் ஆளுக்கு இவ்வளவு என்று இலை போடாமல், இரண்டு ஆளுக்கு நடுவில் தோள் இடிக்காத இடம் விட்டு இலை போடுவது மாதிரி.

என் காகிதத்தைத் திருப்பி, அதன் வெள்ளைப் பக்கத்தில் அவர் புதிதாக ஆறு கோடுகள் போடத் தொடங்கினார். தடித்த கம்பிப் பக்கம் ஓரத்திலிருந்து 3.1. மெல்லிய பக்கம் 3.4. ஏன் அந்தப் பக்கம் கூட என்று கேட்டேன். முதல் கம்பிதான் அடிக்கடி கரை தாண்டி விழும் என்றார். ஃபிரெட் கம்பியின் முனையைச் சாய்வாகத் தேய்த்திருப்பார்கள். அந்தச் சாய்வில் கம்பி போனால் பிடிப்பு இல்லை, ஒலி அப்படியே நின்றுவிடும். நட்டில் பேராசைப்பட்டு கம்பிகளை ஓரம் வரை விரித்தவர்களுக்குக் கிடைக்கும் தண்டனை அது.

இரண்டு கோடு போட்டதும் பென்சிலை நிறுத்தினார். "பிரிட்ஜில் எவ்வளவு?"

நான் அளந்திருக்கவில்லை. கிட்டாரின் ஒரு முனையை மட்டும் கொண்டுவந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. டோக்கியோவில் மணி மூன்று, சென்னையில் காலை பதினொன்றரை. மகளை வீடியோவில் கூப்பிட்டேன். "ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல எடும்மா. கிட்டார்ல கீழ, கம்பி வந்து உக்காருற எடத்துல, முதக் கம்பிக்கும் கடைசிக் கம்பிக்கும் நடுவுல எவ்ளோன்னு சொல்லு." அவள் கேமராவை அருகில் கொண்டுபோனாள். "அம்பத்திரண்டுப்பா. இல்ல, துளி கூட." மேசைக்குப் பின்னால் இருந்தவர் தமிழ் புரியாமலே ஸ்கேலைப் பார்த்துத் தலையாட்டினார்.

அந்தத் துளி முக்கியம். பழைய ஸ்ட்ராட் பிரிட்ஜில் விரிவு 56.4 மில்லிமீட்டர். பின்னால் வந்த இரண்டு முளை அமெரிக்கப் பிரிட்ஜில் 52.4. வலது கைக்கு இது இடைவெளி ஒன்றுக்கு 11.3-க்கும் 10.5-க்கும் உள்ள வித்தியாசம். விரலால் மீட்டுகிறவர்களுக்கு அகலம் இதம். பிளெக்ட்ரத்தை வைத்து கம்பிக்குக் கம்பி தாவி வேகமாக வாசிக்கிறவர்கள் பலர் குறுகலை விரும்புகிறார்கள். இடது கைக்கும் இதில் பங்கு உண்டு. பன்னிரண்டாம் ஃபிரெட் சரியாகக் கம்பியின் பாதி வழி. ஆகவே அங்கே கம்பிகளின் விரிவு, நட் விரிவையும் பிரிட்ஜ் விரிவையும் கூட்டிப் பாதியாக்கியது. 35.5-க்கும் 52.4-க்கும் பாதி 44. அந்த இடத்தில் கழுத்து சுமார் 52 என்றால் பக்கத்துக்கு நான்கு மில்லிமீட்டர் கரை. தாராளம். பிரிட்ஜ் 56.4 ஆக இருந்திருந்தால் விரிவு 46-ஐத் தொட்டு, கரை மூன்றுக்கு இறங்கியிருக்கும். பழைய பிரிட்ஜ் உள்ள ஸ்ட்ராட்டில் உயரே சோலோ வாசிக்கும்போது முதல் கம்பி நழுவுகிறது என்று எத்தனையோ பேர் தங்கள் விரலை நொந்துகொண்டிருப்பார்கள். கழுத்தைத் திருகால் மாட்டிய கிட்டாராக இருந்தால், திருகைச் சற்றுத் தளர்த்தி, கழுத்தை நூலளவு தள்ளி, மறுபடி இறுக்கினாலே பல நேரம் சரியாகும் என்று அவர் கையாலேயே செய்து காட்டினார்.

கணக்கு சரி என்று ஆனதும் மீதி நான்கு கோடுகளையும் போட்டு முடித்தார். அந்த நேரத்தில் சுவரில் இருந்தவற்றை நான் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ரிக்கன்பேக்கர் 360, பன்னிரண்டு கம்பி. 1964-ல் ஜார்ஜ் ஹாரிசன் கைக்குப் போய் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த வகை. நட் 41.4 மில்லிமீட்டர்தான், ஆறு கம்பி ரிக்கன்பேக்கருக்கு உள்ள அதே அகலம். பன்னிரண்டு கம்பியை அதற்குள் அடக்கியிருக்கிறார்கள். வாசித்துப் பார்த்தேன். கார்டு அடிக்க அவ்வளவு இனிமை, தனிக் கம்பியாகப் பிடிக்கப் பெரும்பாடு. பக்கத்தில் ஏழு கம்பி ஐபனீஸ் ஒன்று, நட் 48. கழுத்து பலகை போல அகலம். ஆனால் ஓரம் போக மிச்சத்தை ஆறு இடைவெளிக்குப் பகிர்ந்தால் தலா ஏழுகூட வராது. அகலக் கழுத்து என்றால் விரலுக்கு இடம் அதிகம் என்று நான் வைத்திருந்த எண்ணம் அந்தச் சுவரிலேயே உடைந்தது.

குறுகலை வேண்டிக் கேட்டு வாங்கியவர்களும் உண்டு. எடி வான் ஹேலன் 1991-ல் மியூசிக் மேனோடு சேர்ந்து செய்த கிட்டாரில் நட் 41.3. இரண்டு கையாலும் ஃபிரெட் போர்டில் தாண்டவம் ஆடியவருக்கு அது போதுமானதாக இருந்தது. 1960-களின் நடுவில் கிப்சன் தன் வழக்கமான 43-ஐ விட்டு 39.7-க்குக் குறுக்கியது. அந்தக் காலத்து கிப்சன் ES-335 கிட்டாரை வாங்க வருகிறவர்கள் இன்றும் முதலில் நட்டைத்தான் அளக்கிறார்கள், பலர் அளந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அதே நிறுவனம் 2015-ல் கழுத்தைச் சற்று அகலமாக்கி, ஏற்றி இறக்கக்கூடிய பித்தளை நட் வைத்தது. வாசிப்பவர்கள் ஏற்கவில்லை. அடுத்த வருடமே பழைய அகலம் திரும்பியது. இரண்டு முறையும் சில மில்லிமீட்டர்கள்தான். பழகிய கைக்கு அதுவே அந்நிய வீடு.

கிளம்பும் முன் இன்னொன்றையும் முயன்று பார்த்தேன். என்னைக் கண்ணை மூடச் சொல்லி அக்கா மகன் இரண்டு கிட்டார்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கையில் கொடுத்தான். முதலாவது அகலம், இரண்டாவது ஒடுக்கம் என்று உறுதியாகச் சொன்னேன். இரண்டும் 42. முதலாவதின் முதுகு தட்டை, தோள்கள் புடைத்தவை. இரண்டாவது முதுகு உருண்டது, ஓரங்களை நன்றாக உருட்டித் தேய்த்திருந்தார்கள். உள்ளங்கை அகலம் என்று சொல்வதில் பாதி கழுத்தின் பருமனும் உருவமும்தான். நட் எண்ணை வாசித்துவிட்டு இணையத்தில் கிட்டார் வாங்குகிறவர்களை நினைத்துக் கவலைப்படுகிறேன். ஒரு நிமிடமாவது கையில் பிடிக்காமல் இது தெரியவே தெரியாது.

மேசைக்காரர் பட்டையை ஒரு சிறு கவரில் போட்டு, காடி வெட்டாத எலும்புத் துண்டு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். நான் பணத்தை எடுத்தபோது எலும்புக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். கடைசியாக ஒன்று சொன்னார்: "அகலம் மட்டும் பார்க்காதீர்கள். காடியின் ஆழமும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாம் ஃபிரெட்டில் அமுக்கும்போது முதல் ஃபிரெட்டின் மேல் முடி நுழையும் அளவுதான் இடைவெளி இருக்க வேண்டும்."

ஊர் திரும்பிய வாரம், திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் கிட்டார் பழுது பார்க்கும் தம்பியிடம் போனேன். "என்ன சார், ஜப்பான்லேர்ந்து ப்ளூபிரின்ட்டே வந்துருச்சா" என்று பட்டையை ஆர்வத்தோடு வாங்கினார். பழைய நட்டின் ஓரத்தில் பிளேடால் கீறி, மரத்துண்டு வைத்து மெல்லத் தட்டியதும் அது கழன்றது. புதிய எலும்பைக் கழுத்தில் அதன் இடத்தில் உட்கார வைத்து, பட்டையைப் பார்த்துக் குறி போட்டு, கம்பிக்குக் கம்பி வேறு வேறு அரத்தால் அறுத்தார். எலும்பை அராவும்போது பல் மருத்துவரிடம் வரும் வாசனை வந்தது. அகலம் முடிந்த பிறகு ஆழத்துக்குத்தான் அதிக நேரம் எடுத்தார். ஒரு இழுப்பு அராவுவார், கம்பியை ஏற்றுவார், மூன்றாம் ஃபிரெட்டில் அமுக்கிக் கண்ணை இடுக்கிப் பார்ப்பார், மறுபடி இறக்குவார். ஆறு கம்பிக்கும் அப்படி. பழைய நட்டில் முதல் ஃபிரெட்டில் கம்பி கழுத்தை விட்டு நின்ற உயரத்தை அவர் காட்டியபோதுதான், அத்தனை வருடம் ஏன் முதல் ஃபிரெட்டில் மட்டும் கார்டு சுருதி தூக்கிப் பாடியது என்று புரிந்தது.

ஏ மேஜரில் ஐந்து கம்பியும் பேசின. அங்கேயே உட்கார்ந்து, கொயரில் முதன்முதலில் கற்ற பாட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். தம்பி வேறு வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

வீட்டில் மகள் எடுத்துப் பார்த்தாள். அவள் விரல் என் விரலில் முக்கால்வாசி. கட்டை விரலைச் சுற்றிப் போட்டு ஆறாம் கம்பியைப் பிடிப்பது அவள் பழக்கம், அதே விரலின் நுனியால் ஐந்தாவதையும் தொட்டு அடக்குவாள். இரண்டு பாட்டு வாசித்துவிட்டுச் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா எனக்கு முன்னாடி இருந்ததே கைக்கு அடக்கமா இருந்துச்சு."

பழைய நட்டை நான் தூக்கி எறியவில்லை. பிளெக்ட்ரம் டப்பாவில் இருக்கிறது. அடுத்த மாதம் அவளுக்கு ஒரு கிட்டார் பார்க்கப் போகிறோம். ஸ்கேலையும் ஒரு வெள்ளைக் காகிதப் பட்டையையும் அவளே எடுத்து வைத்திருக்கிறாள்.